ஒரு வண்டியில் இருபத்து மூன்று வீடு

“அஞ்சாவது ஆளு காலத் தூக்காதிய. தூக்குன கால அப்படியே கீழ வச்சிருங்க.”

ஆண்டிச்சாமி இதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்வார். முன்னால் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருக்கும் அவருக்கு, பின்னால் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்பது வண்டி சாய்கிற சாய்விலேயே தெரிந்துவிடும். அவருடைய கூண்டு வண்டிக்கு நாலு பேர்தான் கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் இன்றைக்கு வாய்தா, போகாவிட்டால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டாலும் ஐந்தாவது ஆளுக்கு இடம் கிடையாது. “ஒங்களுக்குப் பேச வக்கீலு இருக்காரு. எம் மாட்டுக்கு ஆரு பேசுவா?” என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்.

அவருக்கு ஊர் காளைபடுத்தான். கான்சாபுரத்துக்கு மேற்கே, மலையடியில், மொத்தமே இருபத்து மூன்று வீடுகள். பருத்திக் காலத்தில் ராஜபாளையத்து மில்லுக்குப் பொதி அடிப்பார். மற்ற நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் ஏற்றுவார். வயது ஐம்பத்தைந்து. மீசையின் இடப்பக்கம் மட்டும் நன்றாக முறுக்கி மேலே ஏறியிருக்கும், வலப்பக்கம் தொங்கும். வலக்கை எப்போதும் கயிற்றில் இருப்பதால் அந்தப் பக்கத்து மீசையைக் கவனிக்க ஆளில்லை.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் கதை ஆரம்பமாகும். ஊர் பிறந்த கதை. நாலு பேரில் மூன்று பேர் அதை நூறு தடவை கேட்டவர்களாக இருப்பார்கள். அதைப் பற்றி ஆண்டிச்சாமிக்குக் கவலை இல்லை. யாராவது தூங்கிவிட்டால்தான் கோபம் வரும். தூங்கினவர் விழித்ததும் விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் அவர் வண்டியில் யாரும் தூங்குவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கோபுரம் கண்ணில் படும்போது கதை சரியாக முடியும். முடியாவிட்டால் மாட்டை மெதுவாக நடத்துவார்.

கதை இதுதான். வடக்கே எங்கோ ஒரு ராசா. அவனுக்கு நம்மவர்களின் காளை மேல் கண். பெண்ணைக் கேட்டிருந்தாலாவது உட்கார்ந்து பேசியிருப்பார்கள்; காளையைக் கேட்டுவிட்டான். அன்று இரவே வண்டியைக் கட்டி, அம்மனை ஒரு பனையோலைப் பெட்டியில் வைத்து, தெற்கே பார்த்துக் கிளம்பினார்கள். வைகையில் வெள்ளம். தண்ணீர் அச்சாணி மட்டத்துக்கு வந்தது, அம்மன் பெட்டியைப் பார்த்தது, அதற்கு மேல் ஏறவில்லை. பல நாள் கழித்து மலையடிக்கு வந்ததும் காளை படுத்துவிட்டது. கெஞ்சினார்கள், எழுந்திருக்கவில்லை. அடிக்க யாருக்கும் கை வரவில்லை. மிச்சமிருந்த ஒரு படி அரிசியைப் பொங்கி முதல் கவளத்தைக் காளைக்குக் கொடுத்தார்கள். அது தின்றுவிட்டு, இன்னும் வசதியாகப் படுத்துக்கொண்டது. சரி, அம்மனுக்கு இந்த இடம்தான் பிடித்திருக்கிறது என்று கூண்டைக் கழற்றி வீடு கட்டினார்கள்.

அந்த வண்டியின் கயிற்றைப் பிடித்து வந்தவர் பெரியாண்டி. ஆண்டிச்சாமியின் பாட்டனுக்குப் பாட்டன்.

கதையில் எந்தக் குறையும் இல்லை. வண்டியில் யார் யார் வந்தார்கள் என்ற இடத்தில்தான் கொஞ்சம் நெருக்கடி. ஆண்டிச்சாமியின் அப்பா சொன்ன காலத்தில் வண்டியில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அப்பா இறந்து, கதை மகன் கைக்கு வந்த இந்த இருபது வருஷத்தில், வண்டியில் வந்த வீடுகள் இருபத்து மூன்று ஆகிவிட்டன. ஊரில் இருப்பதே இருபத்து மூன்றுதான். இனி ஏற்ற ஆளில்லை. ஐந்தாவது ஆளுக்கு இடம் தராத மனிதர், பாட்டன் வண்டியில் மட்டும் யார் கையைக் காட்டினாலும் நிறுத்தியிருக்கிறார். எப்படி ஐயா கொள்ளும் என்று கேட்டால், “சின்னப் பிள்ளையள மடியில வச்சிக்கிட்டாவ. ரெண்டு பேரு ஏர்க்கால்ல உக்காந்து வந்தாவ. அந்தக் காலத்து ஆளுவ மெலிஞ்ச ஆளுவ” என்பார்.

“இருபத்து மூணு வீட்ட ஏத்துனா எந்தக் காளைதான் படுக்காது?” என்பது ஊர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஞானராஜின் அபிப்பிராயம்.

வாத்தியாரும் வண்டியில் வந்தவர்தான். அவர் குடும்பம் ஊருக்கு வந்தே பதினைந்து வருஷம்தான் ஆகிறது. ஆண்டிச்சாமியின் மகள் வெள்ளைத்தாய் சின்ன வயசில் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, வாத்தியார் மனைவி சந்தனமேரி ஒன்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சித் தண்ணீர் புகட்டினாள். அந்த வருஷமே வாத்தியாரின் பாட்டனார் வண்டியில் ஏறிவிட்டார். “அண்ணே, வண்டி வடக்கேயிருந்து வந்துச்சு. நாங்க தெக்கேயிருந்து வந்தவங்க” என்று வாத்தியார் மறுத்துப் பார்த்தார். “அதுக்கென்ன? எதுக்க வந்தவர ஏத்திக்கிட்டோம்” என்று ஆண்டிச்சாமி முடித்துவிட்டார்.

வண்டியில் வருவது சும்மா பெருமை இல்லை. சித்திரைப் பொங்கலன்று, காளை படுத்த இடத்தில் நட்டிருக்கும் கல்லுக்கு முன்னால் நின்று ஆண்டிச்சாமி கதையைச் சொல்லுவார். வண்டியில் வந்த வீடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். கூப்பிட்ட வீட்டுக்காரர் முன்னால் வந்து நாட்டாமை கையால் வெற்றிலை வாங்குவார். முதல் வெற்றிலை கயிற்றைப் பிடித்த வீட்டுக்கு, அதாவது ஆண்டிச்சாமிக்கு. வண்டியில் வராத வீட்டார் கல்லுக்குக் கீழ்புறம் தனி வரிசையில் உட்கார வேண்டும். பொங்கல் அவர்களுக்குக் கடைசியில்தான் வரும். வெற்றிலை கிடையாது.

அந்தக் கீழ்வரிசையில் உட்கார்ந்திருந்த இருளம்மாளைத்தான் ஆண்டிச்சாமி முதலில் ஏற்றினார். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு சண்டைக்குப் போன அவள் புருஷன் பஸ்ராவில் செத்துப்போனான் என்று சர்க்கார் காகிதம் வந்த வருஷம் அது. அவள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று வீடுகளைக் கூப்பிட்டு முடித்த ஆண்டிச்சாமியின் வாய், தன்னால் நாலாவது வீட்டைக் கூப்பிட்டுவிட்டது. அவள் எழுந்து வந்து முந்தானையில் வெற்றிலை வாங்கினாள். யாரும் மறுக்கவில்லை. மறுக்கக் கூடிய முகமாக அது இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை பழகிவிட்டது. ஓடையில் அச்சு முறிந்தபோது தோள் கொடுத்தவர் ஏறினார். நல்ல கருவாட்டுக் குழம்பு ஊற்றின ஒரு வீடு ஏறியது. ஒருவர் முன்னால் நின்று அழுதார், அவரும் ஏறினார். ஒன்பது வருஷத்துக்கு முன் மாட்டுக்குக் கோமாரி கண்டு கால் ஊன்ற முடியாமல் கிடந்தபோது, கூப்பிடாமலே வந்து மூன்று நாள் குளம்புக்கு மருந்து கட்டிய மொக்கைச்சாமி தன் பாட்டனோடு ஏறினார். இந்த மொக்கைச்சாமி ஏறியதுதான் இந்தச் சித்திரையில் ஆண்டிச்சாமிக்கு வினையாக வந்தது.

மொக்கைச்சாமியின் மகன் சந்தனம் ராஜபாளையத்து மில்லில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் ஆண்டிச்சாமியின் மாட்டைப் பார்க்கப் போவான். மாடு நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆண்டிச்சாமியின் மனைவி பாலம்மாள் சொன்ன பிறகும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவன் வருகிற நேரத்துக்கு வெள்ளைத்தாய்க்கும் தொழுவத்தில் ஏதாவது வேலை இருந்தது. இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் கண் இருக்கிறது, பேசி முடித்தார்கள். வெள்ளைத்தாய்க்கு இருபது வயது. முன்பு வந்த இரண்டு வரனும் தட்டிப்போனதில் வாடியிருந்த பாலம்மாள், அன்றிரவு ஒரு கும்பா கஞ்சி கூடுதலாகக் குடித்தாள்.

ஊருக்குள் கல்யாணம் என்றால் முதல் வெற்றிலையை நாட்டாமை எடுத்துக் கொடுக்க வேண்டும். பொங்கலுக்கு எட்டு நாள் முன்பு, காப்புக் கட்டிய அன்று ஊர் கூடியபோது மொக்கைச்சாமி எழுந்து விஷயத்தைச் சொன்னார். நாட்டாமை சுயம்புலிங்கத்துக்கு முறை என்றால் முறை. எழுத்து பிசகக் கூடாது. தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார்.

“ஒரே வண்டியில வந்தவிய பங்காளி. இது நம்ம ஊரு மொற. ரெண்டு வீடும் வண்டி வீடு. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நான் எப்படி வெத்தில எடுத்துக் குடுக்க?”

முன்பு வண்டி வீடு மூன்றே இருந்தபோது அந்த முறை யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பிறகு ஏறின வீடுகள் எல்லாம் ஏறின பின்னால் கான்சாபுரம், கூமாப்பட்டி என்று வெளியூரில் பெண்ணெடுத்ததால் இதுவரை யாரும் நினைத்துப் பார்க்கவும் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், “அப்ப நானும் எங்க வீட்டுக்காரரும்? எங்க ஆத்தா வீடும் வண்டி வீடு, அவிய வீடும் வண்டி வீடு. நாலு பிள்ளையப் பெத்திருக்கேனே?” என்று கேட்டது. சிரிப்பு எழுந்தது. நாட்டாமை சிரிக்கவில்லை. “நீங்க கட்டிக்கிட்ட பொறவுதான் வண்டியில ஏறுனிய. முந்தி நடந்தது நடந்ததுதான். இனிமே நடக்கதப் பேசுவோம்” என்றார். வழியில் ஏறினதாக வைத்துக்கொண்டால் என்ன என்று வாத்தியார் கேட்டுப் பார்த்தார். வழியில் ஏறினாலும் வண்டி வண்டிதான் என்று தீர்ப்பானது.

வீட்டுக்கு வந்ததும் பாலம்மாள் உலக்கையைக் கீழே போட்டாள். “ஊரையே வண்டியில ஏத்துனீயளே! நம்ம மகளுக்குன்னு ஒரு மாப்பிள்ளையையாவது வெளிய விட்டு வச்சீயளா?”

ஆண்டிச்சாமி மீசையின் இடப்பக்கத்தை முறுக்கினார்.

மறுநாள் மொக்கைச்சாமியைத் தேடித் தோட்டத்துக்குப் போனார். மொக்கைச்சாமி கமலையில் மாட்டைப் பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்பது வருஷத்துக்கு முன்புவரை அவர் ஆண்டிச்சாமியை மச்சான் என்றுதான் கூப்பிட்டு வந்தார். வண்டியில் ஏறிய மறுநாளிலிருந்து அண்ணே. பங்காளியாகிவிட்டதைத் தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார்.

“வாங்கண்ணே!”

“ஏலே மொக்க, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. ஒம் பாட்டன வைகைக் கரையோட எறக்கிருவோமா? அங்க அவருக்கு ஒரு சோலி இருந்துச்சு, பொறவு நடந்து வந்து சேந்தாருன்னு வச்சிக்கிருவோம்.”

மொக்கைச்சாமி மாட்டை நிறுத்தினார். பாதிக் கிணற்றில் தொங்கிய தோல்சாலிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

“எங்கய்யா கண்ண மூடும்போது என்ன சொன்னாவன்னு தெரியுமாண்ணே? ‘ஏலே, நாம வந்தேறி இல்ல, வண்டி வீடு’ன்னு சொல்லிச் சிரிச்சாவ. அம்புட்டுச் சிரிப்ப அவிய மொகத்துல நான் அதுக்கு முந்தி பாத்ததே இல்ல. அவியளப் பெத்தவரப் போயி நடுவழியில எறக்கச் சொல்லுதியளா?”

“பொண்ணும் வேணும், வண்டியும் வேணும்னா எப்படிலே?”

“ஏத்துனது நீங்க. வழியும் நீங்கதாம்ணே சொல்லணும்” என்று சொல்லிவிட்டு மொக்கைச்சாமி மாட்டை ஓட்டினார்.

அது நியாயம்தான். வரப்பில் உட்கார்ந்து ஆண்டிச்சாமி யோசித்தார். மகளுக்காக ஒரு வீட்டைப் பொய் என்று இறக்கினால், மற்ற வீடுகளும் நாளைக்கு ஆடும். இருளம்மாள் முந்தானையில் வாங்கிய வெற்றிலையும் பொய்யாகும். அப்பா சொன்ன மூன்று வீடாவது நிஜமா என்று அவருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. அப்பா யார் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்காக அந்த இரண்டு பேரையும் ஏற்றினாரோ, யார் கண்டது? சந்தேகமே இல்லாமல் அவர் நம்பியது ஒன்றே ஒன்றுதான். கயிற்றைப் பிடித்தவர் பெரியாண்டி. கோர்ட்டு வாசலில் வக்கீல் குமாஸ்தா வாடா போடா என்று பேசும் நாட்களிலும், மில் வாசலில் பொதியை இறக்கிவிட்டு வெயிலில் காத்துக் கிடக்கும் நாட்களிலும் அவருக்குத் துணையாக இருந்தது அந்தக் கயிறுதான்.

வெள்ளைத்தாய் அதிகம் பேசும் பெண் இல்லை. அன்று சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் வந்து நின்றாள்.

“மொக்க மாமா வீட்ட எறக்கப் போறீயளாப்பா?”

“ஆரு சொன்னா?”

“எறக்குனா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். எங்கப்பா எறக்கிவிட்ட வீட்டுக்கு நான் எந்த மொகத்தோட வெளக்கேத்தப் போவேன்?”

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை ஆண்டிச்சாமி பார்த்தார். அந்த வாரம் முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் ஏற்றிப் போனார், கதை சொல்லவில்லை. வண்டியில் இருந்தவர்கள் தாராளமாகத் தூங்கினார்கள். தூங்கி எழுந்தவர்கள், இவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தார்கள்.

பொங்கலன்று காலையில் கல்லைக் கழுவி மஞ்சள் பூசியிருந்தார்கள். அடுப்புகள் மூட்டத் தயாராக இருந்தன. வாத்தியார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். வெற்றிலை வாங்கமாட்டார், ஆனால் பெயரைக் கூப்பிடும்போது தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கி “உள்ளேன்” என்பார். மொக்கைச்சாமி முதல் ஆளாக வந்து நின்றார். அவர் முகத்தில் பயம் இருந்தது. கூட்டத்தின் கடைசியில் சந்தனம், மில் வேலைக்குப் போகாமல்.

ஆண்டிச்சாமி ஆரம்பித்தார். ராசா காளையைக் கேட்டான். அம்மன் பெட்டியில் ஏறினாள். வைகை அச்சாணியோடு நின்றது. ஒரு வாரம் சும்மா இருந்த குரல் என்பதால் நன்றாகவே எழும்பியது. வழக்கமாக, கயிற்றைப் பிடிச்சவன் பெரியாண்டி என்று சொல்லி மீசையைத் தொடும் இடம் வந்தது. நிறுத்தினார்.

“கயிறப் பிடிச்சது ஆருன்னு கேக்கியளா? எவரும் பிடிக்கல. கயிறு சும்மா கெடந்துச்சு. காளை தானாத்தான் வந்துச்சு. அம்மன் இருக்கையில மனுசன் என்ன கயிறப் பிடிக்கது?”

கூட்டம் ஒன்றும் புரியாமல் பார்த்தது.

“அப்ப பெரியாண்டி?” என்றார் நாட்டாமை.

“பெரியாண்டி வண்டியில வரல. காளை படுத்து, பொங்க வச்சி, எட்டு நாள் கழிச்சி நடந்து வந்தாரு. ஆருய்யா நீன்னு கேட்டாவ. வண்டி ஓட்டத் தெரியும்னாரு. எங்க காளையே எந்திரிக்க மாட்டேங்கு, ஒனக்கு இங்க என்ன சோலின்னு கேட்டாவ. அப்படியே ஓரமா உக்காந்துட்டாரு. அந்த வீடுதான் எங்க வீடு.”

பாலம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“அப்ப இம்புட்டு வருசமா நீங்க சொன்னது?” என்று நாட்டாமை கேட்டார்.

“நான் வண்டிக்காரன், நாட்டாம. கயிறு கெடந்தாப் பிடிச்சிருவேன். பழக்கம்.”

சுயம்புலிங்கம் விடவில்லை. அவருக்கு முறை வேண்டும். “வண்டியில வராத ஆளு கதய எப்படிச் சொல்லலாம்?”

“வந்தவிய மறந்திருவாவ. நடந்து வந்தவன்தான் எப்படி வந்திய, எப்படி வந்தியன்னு கேட்டுக்கிட்டேயிருப்பான். இத்தன தலமுறையாக் கேட்டதச் சொல்லுதேன். வேற ஆருக்காவது தெரிஞ்சா வந்து சொல்லட்டும்.”

யாரும் வரவில்லை. கயிறு பிடித்தவர் இல்லை என்றால் முதல் வெற்றிலை யாருக்கு என்று நாட்டாமை கையைப் பிசைந்தார். “காளைக்கு” என்றார் ஆண்டிச்சாமி. அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. முதல் வெற்றிலையைக் கல்லின் மேல் வைத்தார்கள்.

பிறகு அவர் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். இருபத்திரண்டு வீடு. ஒருவரையும் விடவில்லை. இருளம்மாள் வந்து வாங்கினாள். வாங்கிவிட்டு அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். வாத்தியார் “உள்ளேன்” என்றார். மொக்கைச்சாமியின் பாட்டன் பெயரைச் சொல்லும்போது ஆண்டிச்சாமியின் குரல் கொஞ்சம் கூடவே ஓங்கியது. மொக்கைச்சாமி வெற்றிலையை வாங்கிக்கொண்டு நகர மறந்து நின்றார். பின்னால் நின்றவர் தள்ள வேண்டியதாயிற்று.

கடைசியில் நாட்டாமை தொண்டையைச் செருமினார். “வண்டியில வந்த மொக்கைச்சாமி வீட்டுக்கும், வண்டியில வராத ஆண்டிச்சாமி வீட்டுக்கும் கொண்டான் கொடுத்தான் மொறதான். ஊருக்குச் சம்மதம்” என்று சொல்லி நிச்சய வெற்றிலையை எடுத்துக் கொடுத்தார். பெண்கள் குலவை போட்டார்கள். சந்தனம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மலையைப் பார்த்தான்.

“மத்த இருபத்திரண்டு வீடும் ஒருத்தருக்கொருத்தர் பங்காளி. இனிமே இந்த ஊருல பொண்ணு குடுக்கவும் எடுக்கவும் இருக்கது ஒரே ஒரு வீடு. அண்ணே, நீங்க ஊருக்கே மாமன்” என்றார் வாத்தியார். கூட்டம் சிரித்தது. ஆண்டிச்சாமியும் சிரித்தார், பாதி மீசையோடு.

பொங்கல் பொங்கியது. வெற்றிலை வாங்கிய வீட்டார் கல்லைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கல்லுக்குக் கீழ்புறம் இரண்டு வருஷமாக யாரும் உட்கார்ந்ததில்லை, நெருஞ்சி முளைத்திருந்தது. முறை தவறாத நாட்டாமை அங்கே ஆள் விட்டு, செடியைப் பிடுங்கி, ஒரே ஒரு இலை போடச் சொன்னார். ஆண்டிச்சாமி போய் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தார். பாலம்மாள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொங்கல் மேல்வரிசையில் ஆரம்பித்து இலை இலையாக வந்துகொண்டிருந்தது. இங்கே வந்து சேரச் செத்த நேரமாகும். அவர் தலையைக் குனிந்து இலையின் நரம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

மேல்வரிசையில் ஒரு சலசலப்பு. மொக்கைச்சாமி பொங்கல் விழுந்த தன் இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்துகொண்டிருந்தார். நாட்டாமை, “ஏய், அது வராதவிய வரிசை” என்று குரல் கொடுத்தார். மொக்கைச்சாமி நிற்கவில்லை. தான் வண்டியில் வந்தவன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று வெற்றிலையை மட்டும் எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்திருந்தார்.

“செத்த நகந்து உக்காருங்க மச்சான்” என்றார்.

ஆண்டிச்சாமி நிமிர்ந்து பார்த்தார். நகர்ந்து இடம் விட்டார். பிறகு, முன்னால் இருந்த ஒற்றை இலையை மெல்ல இழுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.